முக்கோணத்துக்குள் ஒரு எண்

மார்ச் 4

ஊமச்சி,

பெட்டி உடையாமல் வந்து சேர்ந்ததா? கொண்டுவந்த டிரைவரிடம் ஆயிரம் தடவை சொல்லி அனுப்பினேன். நான் வேலை பார்க்கும் சாப்பாட்டுக் கூடத்தில் புதிதாக மைக்ரோவேவ் வாங்கியிருக்கிறார்கள். பழையதில் ஒன்றை என்னை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பார்க்கத்தான் கிழடு, வேலை நன்றாகச் செய்யும்.

போனில் நீ 'ம்' கொட்டுவதைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. இங்கேயோ வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது. எழுத்தில் மட்டும்தான் உனக்கு வாய் இருக்கிறது.

இதை எதற்கு அனுப்பினேன் என்றால், என் பொட்டு காலுக்குள் புகுந்து ஓடுகிற பிள்ளை. நீ அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு நிற்பதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. இதில் நெருப்பே கிடையாது. காலையில் சமைத்து வைத்துவிடு. பிறகு வேண்டும்போது எடுத்து இதில் சூடு பண்ணு.

எவர்சில்வரை மட்டும் உள்ளே வைத்துவிடாதே, பொறி பறக்கும். பிளாஸ்டிக் என்றால் அடியைத் திருப்பிப் பார். முக்கோணத்துக்குள் ஒரு எண் போட்டிருக்கும். அந்த எண்ணைப் பார்க்காமல் எதையும் வைக்காதே. எங்கள் சூப்பர்வைசர் நாளெல்லாம் கத்துவது இதைத்தான். "நம்பரப் பாத்து வைங்கம்மா, நம்பரப் பாத்து."

இன்னொன்று. உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதுகிறேன். பொட்டுவின் அப்பா பிள்ளையை நம் வீட்டில் விட்டது ஒரு பேச்சின் பேரில்தான். அவள் உடம்பில் ஒரு கீறல் விழாமல் இருந்தால், நான் திரும்பி வரும்வரை இன்னும் பத்து மாதம் அங்கே இருக்கலாம். அப்புறம் என்னோடு. ஏதாவது ஒன்று ஆனால் அவர் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அதற்குப் பிறகு நான் தலைகீழாக நின்றாலும் எடுபடாது. பிள்ளை எனக்கா அவருக்கா என்பது இப்போது உன் கையில் இருக்கிறது. பயமுறுத்தவில்லை, சொல்கிறேன்.

அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

உன் அக்கா

*

மார்ச் 15

அன்புள்ள அக்கா,

பெட்டி நல்லபடியாக வந்தது. மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்தி அதன் மேல் வைத்திருக்கிறேன். நான் அதைப் போடும்போதெல்லாம் அப்பா வாசல்படி வரை போய் நின்றுகொள்கிறார். வெடித்தால் ஓடுவதற்காம். பொட்டு அதற்கு நேர் எதிராக நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறாள். உள்ளே தட்டு சுற்றுவதைப் பார்த்து, "சித்தி, ஒரே படத்தையே போடறாங்க" என்கிறாள். அவளுக்கு அது டிவி.

எவர்சில்வரை வைக்காதே என்று எழுதியிருந்தாய். நம் வீட்டில் எவர்சில்வரைத் தவிர என்ன இருக்கிறது? டம்ளர், தட்டு, கிண்ணம், கரண்டி எல்லாம் அதுதான். பரணில் ஏறித் தேடினேன். ஒரு ஐஸ்கிரீம் டப்பா, மூடி தொலைந்த இரண்டு பிளாஸ்டிக் டப்பா, ஊறுகாய் வந்த கண்ணாடி பாட்டில் ஒன்று கிடைத்தன. கண்ணாடியின் அடியில் எண் எதுவும் இல்லாததால் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன்.

நீ சொன்னபடி எண்ணைப் பார்த்துத்தான் வைக்கிறேன். சின்ன டப்பாவில் இரண்டு போட்டிருந்தது. அதில் பொட்டுவின் பாலை இரண்டு வைத்தேன், சரியாக இருந்தது. ஐஸ்கிரீம் டப்பாவில் ஐந்து இருந்தது. ஐந்து வைத்ததில் சாதம் காய்ந்து கல்லாகிவிட்டது. அப்பா மோர் ஊற்றி ஊறவைத்துச் சாப்பிட்டார். நான் ஏதாவது தப்பாகச் செய்கிறேனா? கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

பொட்டு நன்றாக இருக்கிறாள். ஒரு கீறலும் இல்லை. தினமும் குளிக்க வைக்கும்போது பார்க்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவள் ஒருத்தியைக் கடையில் பார்த்தேன். பத்தாவது பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாளாம். என்னைப் பற்றிக் கேட்டாள். வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பொய் இல்லையே.

உன் தங்கை

*

மார்ச் 22

ஊமச்சி,

உன் கடிதத்தை இங்கே மூன்று பேருக்குப் படித்துக் காட்டினேன். "ஒரே படத்தையே போடறாங்க" என்பதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அப்பா மோர் ஊற்றிச் சாப்பிட்டதற்கும் சிரித்தோம், பாவம்.

சாதத்தில் தண்ணீர் தெளித்து, மூடியைக் கொஞ்சம் திறந்து வை. காயாது. அவ்வளவுதான் விஷயம், நீ தப்பு ஒன்றும் செய்யவில்லை.

நேரமில்லை. இந்த வாரம் இரண்டு பேர் வரவில்லை, அவர்கள் வேலையும் என் தலையில். பொட்டுவுக்கு என் முத்தம். தலையை மொட்டை அடித்தது மாதிரி வெட்டிவிடாதே, அவளுக்கு நெற்றியில் முடி விழுந்தால்தான் அழகு.

அக்கா

*

ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

பொட்டுவுக்கு நாலு நாளாகக் காய்ச்சல் இருந்தது, இப்போது விட்டுவிட்டது. சாப்பாடு பிடிக்கவில்லை என்று சூப் வாங்கிக் கொடுத்தோம். அதில் கொஞ்சம் அவள் கையில் பட்டுவிட்டது. கொஞ்சம்தான். எதிர் வீட்டு நர்சம்மா பக்கத்திலேயே இருந்தார்கள், உடனே பார்த்தார்கள். மருந்து போடுகிறோம்.

நீ கவலைப்படாதே. வேலையை விட்டுவிட்டு வராதே.

வேறு விசேஷம் இல்லை.

உன் தங்கை

*

ஏப்ரல் 9

கொஞ்சம் என்று எழுதினாய்.

கொஞ்சம் என்று எழுதிய கை எது என்று பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் உரிந்திருக்கிறது. வயிற்றில் ஒரு உள்ளங்கை அளவு. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறாள். கையெழுத்துப் போட அவள் அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் இங்கே ஆபீஸ் போனுக்குக் கூப்பிட்டார், எல்லார் முன்னாலும் நான் அதைக் கேட்டேன். என் பிள்ளைக்கு என்ன ஆனது என்று இன்னொருத்தர் சொல்லி நான் தெரிந்துகொண்டேன்.

அவர் சத்தம் போடக்கூட இல்லை. "உன் வீட்டுல கொழந்தய விட்டது போதும்" என்று மட்டும் சொன்னார். இருபத்தேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம்.

நீ வாயைத்தான் பூட்டி வைத்திருக்கிறாய் என்று நினைத்தேன், கண்ணையும் பூட்டிக்கொண்டாயா? ஒரு கிண்ணம் சூப்பை ஒழுங்காகச் சூடு பண்ணத் தெரியாதா? பத்தாவதுகூடத் தாண்டாதவளிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வந்தேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

என்ன நடந்தது என்று எழுது. முழுதாக எழுது. இந்தத் தடவை கொஞ்சம் என்ற வார்த்தை வரக்கூடாது.

*

ஏப்ரல் 16

அக்கா,

முழுதாக எழுதுகிறேன்.

அன்றைக்கு அவள் காலையிலிருந்து எதையும் தொடவில்லை. தெருமுனைக் கடையில் சூப் விற்பார்கள், அது வேண்டும் என்றாள். அப்பா வேலைக்குப் போவதற்கு முன் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார். அவள் தூங்கிவிட்டாள். எழுந்தபோது சூப் ஆறிப்போயிருந்தது. வெள்ளைத் தெர்மாகோல் கிண்ணத்தில் கொடுத்திருந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு வைக்கவில்லை அக்கா. மூடி இறுக்கமாக இருந்தது, அதனால் கிண்ணத்தைத் தலைக்கு மேல் தூக்கி அடியைப் பார்த்தேன். முக்கோணத்துக்குள் ஆறு போட்டிருந்தது. ஆறு நிமிடம் வைத்தேன்.

நிறைய என்று தோன்றியது. பால் இரண்டு, சாதம் ஐந்து, சூப் கெட்டியாக இருக்கிறது, அதனால் ஆறு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பொட்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்ததும் நான் கதவைத் திறந்து, துணியால் பிடித்து எடுத்தேன். கிண்ணம் ஒரு மாதிரி மெத்தென்று இருந்தது. அவளுக்கும் மேசைக்கும் நடுவில் கொண்டுவரும்போது அடிப்பக்கம் மொத்தமாகக் கழன்று விழுந்துவிட்டது. என் கையில் மேல் வளையம் மட்டும் நின்றது. எனக்கு எதுவும் படவில்லை. அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நீ முழுதாக எழுதச் சொன்னாய்.

நான் கத்தவில்லை. எனக்குச் சத்தம் வரவில்லை. பொட்டுதான் கத்தினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நர்சம்மா ஓடி வந்தார்கள். குழாயடியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் தண்ணீர் விட்டார்கள். சட்டையைக் கத்தரியால் வெட்டினார்கள். ஆட்டோவில் போகும்போது பொட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "சித்தி, டிவி ஒடஞ்சு போச்சா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

தழும்பு இருக்கும் என்று டாக்டர் சொன்னார். கை நன்றாக மடங்குகிறது. தினமும் மடக்கிப் பார்க்கிறோம்.

நீ பத்தாவதைப் பற்றி எழுதியது சரிதான். பொட்டுவைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை என்றுதான் ஒன்பதோடு நின்றேன், அதைச் சொல்லிக் காட்டவில்லை. படித்திருந்தால் தெரிந்திருக்கும் என்று எனக்கும் தோன்றியது.

உன் தங்கை

*

ஏப்ரல் 20

சின்னவளே,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. ஆறு நிமிடம் என்று நீ எழுதிய இடத்தில் நிறுத்திவிட்டேன். அப்புறம் உன் பழைய கடிதத்தைத் தேடி எடுத்தேன். "ஐஸ்கிரீம் டப்பாவில் ஐந்து இருந்தது. ஐந்து வைத்ததில் சாதம் காய்ந்து கல்லாகிவிட்டது." இதை நான் மூன்று பேருக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். நாலு பேரும் பகல் முழுக்க இந்த மெஷின் பக்கத்திலேயே நிற்கிறவர்கள். நாலு பேரும் சிரித்தோம். ஒருத்திக்குக்கூட உறைக்கவில்லை.

நீ தப்பாகச் செய்கிறேனா என்று கேட்டாய். இல்லை என்று நான் எழுதினேன்.

சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். இந்த எண்ணுக்கு என்னதான் அர்த்தம் என்று கேட்டேன். இத்தனை வருஷமாக வேலை பார்க்கிறாயே, தெரியாதா என்று அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். உண்மையாகவே எனக்குத் தெரியாது. டப்பாவைத் தொட்டால், எது தாங்கும் எது தாங்காது என்று கைக்குத் தெரியும். அவர் கத்துவது காதில் விழுந்ததை அப்படியே உனக்கு எழுதிவிட்டேன்.

அது நிமிடம் இல்லை. எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதற்கான எண். ஐந்து கொஞ்சம் தாங்கும். அதிலும் அலை அலையாகக் கோடு போட்ட அடையாளம் இருந்தால்தான் மைக்ரோவேவில் வைக்கலாம். ஒன்று, ஆறு எல்லாம் வைக்கவே கூடாது. தெர்மாகோல் கூடாது. ஐஸ்கிரீம் டப்பா கூடாது, அது குளிருக்குச் செய்தது. நீ எடுத்து ஓரமாக வைத்தாயே கண்ணாடி, கெட்டியான சூடு தாங்கும் கண்ணாடி என்றால் அதுதான் எல்லாவற்றிலும் நல்லதாம். பீங்கானும் நல்லது, ஓரத்தில் தங்கக் கோடு இல்லாமல் இருந்தால். சந்தேகமாக இருந்தால் காலிப் பாத்திரத்தை உள்ளே வைத்து, பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர் வைத்து ஒரு நிமிடம் ஓட்ட வேண்டும். தண்ணீர் சூடாகி, பாத்திரம் சூடாகாமல் இருந்தால் அது நல்ல பாத்திரம். பாத்திரமே சூடானால் வேண்டாம்.

இவ்வளவுதான். பத்து வரி. இதை நான் மார்ச் மாதம் எழுதியிருக்க வேண்டும்.

உன் படிப்பைப் பற்றி எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். அது என்னுடைய ஆத்திரம். உன்னை நிறுத்தச் சொன்னது நான்தான்.

இப்போது கேள். பொட்டுவின் அப்பா இருபத்தேழாம் தேதி வரும்போது எனக்கு லீவு கிடைக்காது, அழுது பார்த்துவிட்டேன். நீதான் அவரிடம் பேச வேண்டும். என் முதல் கடிதத்தைக் காட்டு. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். "அக்கா எழுதினத நான் செஞ்சேன், தப்பு அக்காவோடது." கவனமில்லாமல் நடந்தது இல்லை என்று தெரிந்தால் அவர் பிள்ளையை உன்னிடம் விட்டுவிட்டுப் போகலாம். அவர் மோசமான மனுஷன் இல்லை, என்னோடுதான் ஒத்துப்போகவில்லை.

ஒரு வாக்கியம், ஊமச்சி. வாயைத் திற.

அக்கா

*

ஏப்ரல் 28

அன்புள்ள அக்கா,

மாமா நேற்று பத்து மணிக்கு வந்தார். பொட்டுவை அவர் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசி வரை நீ தேடிக்கொண்டே படிக்கக் கூடாது.

நான் அந்த வாக்கியத்தை நாலு நாளாகச் சொல்லிப் பழகினேன். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். அப்பா கதவைத் தட்டி யாரோடு பேசுகிறாய் என்று கேட்டார். உன் முதல் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகி வைத்திருந்தேன்.

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அப்பா காபி கொண்டுவந்து வைத்தார். பொட்டு அவர் மடியில் ஏறி, கையில் இருந்த கட்டைக் காட்டி, "இது எம்பேரு எழுதின கட்டு" என்றாள். நர்சம்மா அதில் பேனாவால் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே, "என்னம்மா நடந்துச்சு?" என்று என்னைக் கேட்டார். கோபமாக இல்லை. கோபமாகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

எனக்கு உடனே வரவில்லை. அவர் காத்திருந்தார். பிறகு அவராகவே பேச ஆரம்பித்தார்.

"உங்க அக்கா எப்பவும் அரைகுறைதான். எதையும் முழுசாச் சொல்ல மாட்டா. அவ வளத்தா இந்தப் பிள்ளை என்ன ஆகும்னு நெனைச்சாலே எனக்குப் பயமா இருக்கு."

அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது அக்கா. கடிதத்தை எடுத்துக் காட்டினால் பிள்ளை ஒருவேளை இன்னும் எட்டு மாதம் என்னிடம் இருப்பாள். ஆனால் அந்தக் காகிதம் அவர் கைக்குப் போய்விட்டால், அதற்குப் பிறகு அவள் உனக்குக் கிடைக்கவே மாட்டாள். எனக்கு எட்டு மாதம் பெரிதா, உனக்கு அவள் பெரிதா?

நான் பேசினேன். "நான்தான் மாமா. அக்கா தெளிவா எழுதியிருந்தா, எதெ வெக்கலாம் எதெ வெக்கக் கூடாதுன்னு. நான்தான் சரியாப் படிக்காம வெச்சிட்டேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் முன்னால் நான் பேசியது அதுதான் முதல் தடவை. "இவ்ளோ பேசுவியா நீ?" என்றார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பாவுக்கு எல்லாம் தெரியும், நான் உன் கடிதங்களை அவருக்குப் படித்துக் காட்டுவேன்.

மாமா காபியை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார். "உம்மேல எனக்குக் கோபம் இல்லம்மா. நீயே கொழந்த. கொழந்தகிட்ட கொழந்தய விட்டோம் பாரு, அது பெரியவங்க தப்பு."

அவள் துணிகளை நான்தான் எடுத்து வைத்தேன். மருந்தை எப்படிப் போட வேண்டும், எந்தப் பக்கம் படுக்க வைக்க வேண்டும் என்று நர்சம்மா அவருக்குச் சொன்னார்கள். படியில் இறங்கும்போது பொட்டு திரும்பிப் பார்த்து, "சித்தி, செருப்பப் போடு, நேரமாச்சு" என்றாள். நானும் வருகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன். கீழே வண்டி வரைக்கும் போனேன். வண்டிக் கதவைச் சாத்திய பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

நீ சொன்ன வாக்கியத்தை நான் சொல்லவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

உன் தங்கை

*

மே 13

சின்னவளே,

எனக்கு இரண்டு நாள் லீவு கொடுத்தார்கள். நேராக அவர் வீட்டுக்குப் போனேன். அதனால்தான் உன்னைப் பார்க்க வர முடியவில்லை. வந்திருந்தாலும் உன் முகத்தைப் பார்த்திருப்பேனா என்று தெரியாது. ஏன் என்று எழுதுகிறேன்.

பொட்டு மடியில் இருந்தாள். அவர் சொன்னார், "உன் தங்கச்சி எல்லாத்தையும் சொன்னா. நீ தெளிவா எழுதியிருந்தியாமே. நான்தான் உன்னைத் தப்பா நெனைச்சிட்டேன்."

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக. பொட்டு என் தாலி இல்லாத கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் "ஆமா" என்று சொன்னேன்.

அதற்கப்புறம் அவர் நல்லபடியாகப் பேசினார். மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து பார்க்கலாம் என்றார். அடுத்த வருஷம் நான் தனியாக அறை எடுத்தபிறகு உட்கார்ந்து பேசலாம் என்றார். உன்னை மட்டும் கொஞ்ச காலத்துக்கு அங்கே வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். உன்னைப் பார்த்தால் பிள்ளைக்குப் பழையது ஞாபகம் வருமாம். நான் அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

நீ எனக்காகப் பொய் சொன்னாய். நான் அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். மன்னித்துக்கொள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதினால் நீ உடனே மன்னித்துவிடுவாய், அதைத் தாங்க முடியாது.

அவள் கை ஆறிக்கொண்டிருக்கிறது. புதுத் தோல் பளபளவென்று இளஞ்சிவப்பாக இருக்கிறது. ஒன்றுதான் சரியில்லை. சூடாக எதைக் கொண்டுவந்தாலும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். சோறு, பால், கஞ்சி எல்லாம் பச்சைத்தண்ணீர் மாதிரி ஆறிய பிறகுதான் வாய் திறக்கிறாள். ஆவி வந்தால் அறையை விட்டே ஓடிவிடுகிறாள். நான் ஊட்டப் போனேன். என்னைப் பார்த்தும் கையைக் கட்டிக்கொண்டாள். அவர் வீட்டில் நல்ல கண்ணாடிப் பாத்திரங்கள் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். என்ன பிரயோஜனம்?

இரண்டு நாளும் ஆறின சோற்றைத்தான் ஊட்டிவிட்டு வந்தேன்.

அக்கா

*

மே 19

அன்புள்ள அக்கா,

நீ ஆமாம் என்று சொன்னது சரிதான். நான் சொன்னதே அதற்காகத்தான். நீ இல்லை என்று சொல்லியிருந்தால் நான் பேசியது வீணாகப் போயிருக்கும். எனக்குப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

நான் வரமாட்டேன். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் தெரிகிறது. இங்கே நான் நன்றாக இருக்கிறேன். திரும்பப் பள்ளிக்கூடம் போகிறாயா என்று அப்பா கேட்டார். யோசிக்கிறேன் என்றேன். மூன்று மணி ஆனால் அவள் எழுந்துவிடுவாள் என்று இன்னமும் தோன்றுகிறது. அது போன பிறகு யோசிக்கலாம்.

அடுத்த மாத ஞாயிறு போகும்போது ஒன்று செய்கிறாயா? அவளுக்கு ஊட்டாதே. அவளைக் கூப்பிடவும் செய்யாதே. அவள் பார்க்கிற இடத்தில் நீ தரையில் உட்கார்ந்து, சூடாக ஒரு கிண்ணம் கஞ்சி வைத்துக்கொண்டு நீ சாப்பிடு. ஒவ்வொரு வாய்க்கும் நன்றாக ஊது, சத்தம் வர ஊது. அவள் முதலில் கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். அப்புறம் பக்கத்தில் வருவாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டே வருவாள், பரவாயில்லை, வரட்டும். கை இல்லாமலே ஊதலாம். யாராவது ஊதினால் அவளால் சும்மா இருக்க முடியாது, அவளும் ஊதுவாள். கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதுவாள், எச்சில் எல்லாம் கஞ்சியில் தெறிக்கும். நீ முகம் சுளிக்காதே. அந்தக் கஞ்சியை அப்படியே சாப்பிட்டுவிடு. நான் சாப்பிடுவேன்.

இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று அவள் கேட்டால், அம்மாதான் என்று சொல்லிவிடு, என் பேர் வேண்டாம்.

உன் தங்கை